மூடுபனியில் ஒரு கறுப்புக் குடை

அத்தானின் கறுப்புக் குடை சிட்னியின் வென்ட்வேர்த்வில்லில் என் அறைக் கதவின் பின்னால் தொங்குகிறது. துணி நரைத்துவிட்டது. கம்பிகளில் ஒன்று வளைந்திருக்கிறது. அது வளைந்தது 1974 ஒக்டோபரில், ஒரு சனிக்கிழமை பிற்பகல்.

அத்தான் என்றால் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து சிட்னி வந்து சில ஆண்டுகள் ஆன பொறியியலாளர். இங்கே ஒக்டோபர்தான் வசந்தம். நான் வந்து சேர்ந்த முதல் வசந்தத்தில், தெற்கேயுள்ள பனிமலையைக் காட்டுகிறேன் என்று என்னைக் காரில் அழைத்துப் போனார். குடையோடு மலை ஏறுகிற மனிதரை, வெள்ளி இரவு புறப்படும்போதே அக்கா கேலி செய்திருந்தாள். அவளுடைய இன்னொரு கேலி வீட்டில் நாள்தோறும் கேட்பது. முகம் தெரியாத குரல் கூப்பிட்டால் மூன்றாம் தரமும் கூப்பிட்ட பிறகுதான் பதில் சொல்ல வேண்டும், மனிதரல்லாதது மூன்றாம் தரம் கூப்பிடாது என்று ஊரில் சொல்வார்கள். அத்தான் அதைச் சிட்னியிலும் விடவில்லை. கொல்லையில் நின்று அக்கா மூன்று தரம் கத்தினால்தான் "ஓம், வாறன்" என்று பதில் வரும். "உன்ர அத்தானுக்குக் காது பழுதில்லை, பேய்ப் பயம்" என்பாள்.

மலையடிவாரக் கடைக்காரர் எங்களை எச்சரித்தார். வசந்தத்தில் காலைப் பனி கல்லைப் போலத் தாங்கும். மதியத்துக்குப் பின் உள்ளே இளகும். மேலே வெண்மையாகக் கிடந்தாலும் அடியில் ஓடை ஓடும். ஆகவே மதியத்துக்குள் திரும்பிவிடுங்கள் என்றார். நாங்களோ உச்சிக்குக் கீழே ஒரு பாறையில் அமர்ந்து, அக்கா கட்டித்தந்த புட்டைச் சாவகாசமாகச் சாப்பிட்டோம்.

இறங்கும்போது மூடுபனி வந்தது. வழிகாட்டக் குத்தி வைத்திருந்த கம்பங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. காற்றே இல்லை. சப்பாத்தின் கயிற்றைக் கட்ட நான் குனிந்து நிமிர்வதற்குள் அத்தானையும் காணவில்லை. அவருடைய காலடித் தடத்திலேயே நடந்தேன். அவரைத் தாங்கிய பனி என்னைத் தாங்கவில்லை. ஒரு கால் தொடைவரை இறங்கியது. கீழே, வெகு அருகில், தண்ணீர் ஓடும் சத்தம்.

"அத்தான்!" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. வெண்மைக்குள் எங்கோ நின்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கிறார் என்பது எனக்கு உறைத்தது. இரண்டாம் தரம் கத்தினேன். அந்த அசைவிலேயே பனி உடைந்து மார்புவரை போய்விட்டேன். குளிர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கைகள் வழுக்கத் தொடங்கின. இன்னும் ஒரே ஒரு சொல்தான் வேண்டும், அது என்னிடம் இல்லை.

"ஓம், வாறன்" என்றது மூடுபனி.

அத்தான் குப்புறப் படுத்து ஊர்ந்து வந்தார். குடைப்பிடியை என் தோள்பை வாரில் கொளுவி இழுத்தார். அப்போதுதான் கம்பி வளைந்தது. காருக்குள் வந்து, வெப்பமூட்டியைப் போட்ட பிறகும் எனக்குப் பல்லடித்தது.

"நல்ல வேளை, மூண்டாம் தரமும் கூப்பிட்டாய்" என்றார்.

"இல்லை அத்தான். ரெண்டு தரம்தான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் படிந்த ஆவியை விரலால் துடைத்தார். "முதல் ரெண்டும் தூரத்தில கேட்டது. மூண்டாவது எனக்குப் பக்கத்திலயே கேட்டதடா. உன்ர குரல்தான்."

எதிரொலி என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பனியும் ஒலியும் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். கூப்பிடாத குரலுக்கு எதிரொலி உண்டென்று எதிலும் இல்லை. பேய் மூன்றாம் தரம் கூப்பிடாது, நானும் கூப்பிடவில்லை. அன்றைக்குப் பின் அந்த மலையைப் பற்றி அத்தான் வாய் திறந்ததில்லை. அக்காவிடம்கூட, வழுக்கி விழுந்ததாக மட்டும்தான் சொன்னோம்.

போன வசந்தத்தில், மருத்துவமனை அறையொன்றில், கண் மூடிக் கிடந்த அத்தானின் கட்டில் கம்பியில் இந்தக் குடையை மாட்டிவிட்டு அருகே உட்கார்ந்தேன். அக்கா இறந்து பல ஆண்டுகளாகிவிட்டன. "அத்தான்" என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடி "அத்தான்" என்றேன். மூன்றாம் தரம் நான் கூப்பிடவில்லை.

அவர் கண் திறந்தார். என்னைத் தாண்டி வாசற்பக்கம் பார்த்தார்.

"ஓம், வாறன்" என்றார்.

குடையை நான்தான் திருப்பிக் கொண்டுவந்தேன்.