நாருக்குக் குறுக்கே

கனகேஸ்வரியின் இரண்டு கைகளிலும் கையுறை. வலக்கையில் கத்தி, இடக்கையின் கீழே, கரிக்கட்டை போல மேலெல்லாம் கறுத்த மாட்டு நெஞ்சிறைச்சி. வெட்ட வெட்ட நீளநீளத் துண்டுகளாக, பார்க்க அழகாகவே வந்தது. அதுதான் பிழை என்று அவளுக்கு அப்போது தெரியாது.

இத்தாலியில் பலெர்மோ நகரத்தில், பொலிதேயாமா அரங்குக்குப் பக்கத்து மாடிவீடொன்றில் தங்கி, சினியோரா (அம்மணி) என்று அவள் அழைக்கும் கிழவி அகத்தாவைப் பராமரிப்பது அவள் வேலை. பக்கவாதம் வந்த பிறகு சினியோராவுக்கு விழுங்குவது கடினம். தண்ணீரைக்கூடத் தடிப்பாக்கித்தான் கொடுக்க வேண்டும். போன மாதம் பாண் துண்டொன்று தொண்டையில் நின்று, அம்புலன்ஸ் கூப்பிடும்படி ஆயிற்று. அன்றே மகள் மொனிகா சொல்லிவிட்டாள்: "இன்னொருக்கா இப்பிடி நடந்தால் அம்மாவை முதியோர் இல்லத்திலைதான் விடுவன்." சினியோரா போனால் கனகேஸ்வரிக்கு வேலையும் இல்லை, படுக்க அறையும் இல்லை.

இன்று சினியோராவின் பிறந்தநாள். அமெரிக்காவில் டெக்சாஸில் இருந்துவிட்டுத் திரும்பிய மகன் ரொபேர்த்தோ, கடலோரத்து ஸ்ஃபெர்ராகவால்லோவில் தன் வீட்டு முற்றத்தில் இராப்பகலாகப் புகைபோட்டு அந்த இறைச்சியைக் கொண்டுவந்திருந்தான். கிழவிக்கு ஒரே பிடிவாதம்.

"எல்லாரும் தின்னுறதைத்தான் நானும் தின்பன். கூழ் கொண்டுவந்தியெண்டால் உன்ரை தலையிலைதான் ஊத்துவன்!"

கனகேஸ்வரி அதற்கேற்ப ஒழுங்குபடுத்தினாள். மொறுமொறுப்பான கறுத்த ஓரம் விருந்தினருக்கு; கூடவே வினாகிரியில் ஊறிய வெங்காயம், கபொனாத்தா என்ற கத்தரிக்காய்த் தொக்கு, சுட்ட பாண். சினியோராவுக்கு வெண்ணெய் போட்டு மசித்த உருளைக்கிழங்கு; அதன்மேல் கொழுப்புள்ள மெதுவான பகுதி; அதையும் கரண்டியில் நிற்குமளவு தடித்த சோஸில் நனைத்து. ஒரு சோஸ் தக்காளியும் மிளகும். மற்றது புளியும் சர்க்கரையும் வற்றக் காய்ச்சியது. இரண்டையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். இறைச்சியை மட்டும் வாயில் வைக்கவில்லை. பிறந்ததிலிருந்து மாட்டிறைச்சி தின்றறியாதவள். தொட்டதும் இந்த வேலைக்காகத்தான்.

அதனால் மேல்மாடியில் வேலை செய்யும் அற்புதமலரை ருசி பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். அவள் வேதக்காரி, கிறிஸ்தவள்; எதையும் தின்பாள். வந்தவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே நின்றாள்.

"என்னடி, ஆடு அசைபோடுற மாதிரி?"

"நூல் மாதிரி இழுபடுது. எந்தப் பக்கமா வெட்டினனி?"

"நார் போற பக்கமா. வெட்டச் சுகமாயிருந்தது."

"ஐயோ கனகேஸ், இதென்ன பிய்ச்சுப் போடக் கோழியே? மாட்டுக்கு நாருக்குக் குறுக்காலை வெட்ட வேணும். இதைத் தின்ன எனக்கே பல்லுக் காணாது!"

கனகேஸ்வரி கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினாள். முதல் தட்டை மொனிகா ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் சாப்பாட்டறைக்குள் நுழைந்தபோது, மகனின் தட்டிலிருந்து சினியோரா ஒரு நீளத் துண்டைக் கையாலேயே எடுத்து வாயில் திணித்து முடித்திருந்தாள். அடுத்த நொடி இருமல் வெடித்தது. முகம் சிவந்தது. கதிரைகள் பின்னால் இழுபட்டன. மொனிகா தண்ணீர்க் குவளையைத் தாயின் வாயருகே கொண்டுபோனாள்.

கனகேஸ்வரி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். "தண்ணி வேண்டாம்! அவ இருமுறா, மூச்சுப் போய்வருது. இரும விடுங்கோ."

கிழவியின் நெஞ்சில் ஒரு கையைக் கொடுத்து முன்னே சாய்த்தாள். "இருமுங்கோ சினியோரா. இன்னும். பலமா." சத்தம் நின்றுவிட்டால் முதுகில் தட்ட மற்றக் கை ஆயத்தமாக இருந்தது. சத்தம் நிற்கவில்லை. கடைசியில் ஈரநூல் போல ஒரு நார் தட்டில் வந்து விழுந்தது.

சினியோரா வாயைத் துடைத்தாள்.

"சோஸ் எங்கை?" என்றாள்.

மொனிகா தண்ணீர்க் குவளையை மேசையில் வைத்தாள். "ஆர் இதை இப்பிடி வெட்டினது?"

"நான்தான். நான் மாடு தின்னுறேல்லை. ஒருத்தரையும் கேளாமல் வெட்டிப்போட்டன்."

"நானும் சொல்லிக் குடுக்கேல்லை," என்றான் ரொபேர்த்தோ. மொனிகா அவனைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலமை அந்த இல்லத்துக்குப் போறன். போற வழியிலை இஞ்சை வாறன்."

கனகேஸ்வரி குசினிக்குப் போனாள். நீளத் துண்டுகளைத் திருப்பி வைத்துக் குறுக்கே பொடியாகக் கொத்தி, புளிச் சோஸில் ஊறவிட்டு, மசித்த கிழங்கோடு பிசைந்து கொண்டுவந்தாள். நாடியை நெஞ்சுப் பக்கமாகத் தாழ்த்தச் சொல்லி, ஒவ்வொரு கரண்டியும் இறங்கும்வரை தொண்டையைப் பார்த்திருந்தாள். சினியோரா ஒரு முறையும் இருமவில்லை. தட்டை வழித்துத் தரச் சொன்னாள்.

மறுநாள் காலை மொனிகா வந்தபோது கனகேஸ்வரி மீதி இறைச்சியைப் பலகையில் எடுத்து வைத்திருந்தாள். மொனிகா கோட்டைக் கழற்றாமலே நின்றாள்.

"நேற்று நான் தண்ணி குடுத்திருந்தால்?"

"மூச்சுக்குழலுக்கை போயிருக்கலாம்."

மொனிகா கைப்பேசியை எடுத்து இல்லத்தோடு பேசினாள். இன்றைக்கு வரவில்லை என்றாள். வேறு நாளும் கேட்கவில்லை. பிறகு கோட்டைக் கழற்றினாள்.

"காட்டு. நார் எந்தப் பக்கம்?"

கனகேஸ்வரி ஒரு சோடி கையுறையை நீட்டினாள். இருவருமாக இறைச்சி முழுவதையும் குறுக்கே வெட்டி, பொடியாகக் கொத்தி, சோஸில் பிரட்டிச் சின்னச் சின்ன டப்பாக்களில் குளிர்ப்பெட்டிக்குள் அடுக்கினார்கள். ருசி பார்த்தது மொனிகா.