வீட்டில் யாருமில்லை

இணையக் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருத்தி என்னிடம் கேட்கிறாள்: "அதென்ன மேடம், உங்க ஐடிக்கு 'வீட்டில்யாருமில்லை'ன்னு ஒரு பேரு?"

சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் அப்போது எனக்கு ஏழு வயது. கோடை விடுமுறையில் அப்பாவும் அம்மாவும் ஆபீஸ் போகும்போது என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிடுவார்கள். "யார் தட்டினாலும் மூச்சு விடப்படாது" என்பாள் அம்மா. இருந்த ஒரே ஜன்னலையும் கூலர் அடைத்திருந்தது. பகல் முழுக்க அதன் ஈர வெட்டிவேர் வாசனைதான் துணை.

ஒருநாள் தபால்காரர் விடாமல் தட்டினார். பயந்துபோய், வீட்டில் யாருமில்லை என்று இந்தியில் கத்திவிட்டேன்.

"அச்சா! அப்போ பேசுறது யாரு?" என்று சிரித்தார்.

யோசித்துப் பார்த்து, "யாருமில்லை" என்றேன்.

அவளுக்கு இதை எழுதி முடிப்பதற்குள் வாசல் மணி அடிக்கிறது. தாழ்ப்பாள் இப்போது உள்பக்கம்தான் இருக்கிறது. வந்தவர் போகட்டும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.