ஹார்ன் அண்ணனின் வலது கை

அந்தப் பேருந்து ஓட்டுநருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வீட்டோடு போயிற்று. டெப்போவில் அவர் 'ஹார்ன் அண்ணன்'. அவர் ஹார்னை அழுத்தினால் பெட்ரோல் தீர்ந்து நிற்கும் வண்டிகூட நகர்ந்துவிடும். நாற்சந்திச் சிலை ஒன்று பயந்துபோய் ஓரடி தள்ளி நின்றதாகவும் பேச்சு உண்டு. சிலையைக் கேட்டுப் பாருங்கள், மறுக்காது.

இப்படிப்பட்டவருக்கு ரத்தக் கொதிப்பு வந்ததில் யாருக்கும் ஆச்சரியமில்லை. டெப்போ மருத்துவ அறையின் நர்ஸ் அவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"அடுத்த மாசம் மறுபடி பார்ப்பேன். அப்பவும் இறங்கலைன்னா உங்களை வண்டியை விட்டு இறக்கிடுவாங்க. டயருக்குக் காத்தடிக்கிற வேலைதான்."

ஸ்டியரிங் இல்லாத தன் கைகளை அண்ணனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

"மாத்திரை போடுங்க, உப்பைக் குறைங்க. தினமும் யாருக்காவது, எதுக்காவது, மனசார நன்றி சொல்லுங்க. கோபம் குறையும், தூக்கம் வரும்."

"அது சரி சிஸ்டர், நான் வாயால சொல்ற நன்றி என் ரத்தத்துக்கு எப்படித் தெரியும்?"

"போய்ச் சொல்லிப் பாருங்க, தெரியுதான்னு பார்ப்போம்."

அண்ணனுக்கு இது போதும். எந்த ஒயர் எந்த பல்புக்குப் போகிறது என்று பார்க்காமல் தூங்காத ஆள் அவர். வாயிலிருந்து ரத்தத்துக்கு எந்த ஒயர் போகிறது?

சோதனை வீட்டில் தொடங்கியது. மனைவி காபி கொடுத்தார். "நன்றிம்மா" என்றார். மனைவி டம்ளரைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்.

"என்னத்தை உடைச்சீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"ஒண்ணும் உடைக்கலடி!"

"அப்ப வண்டியை எங்கயோ இடிச்சிருக்கீங்க."

வீடு இந்த ஆராய்ச்சிக்குத் தோதான இடமில்லை என்று சாலைக்கு வந்தார். ஓட்டுநர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வழிவிட்டவருக்கு ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார்கள். இத்தனை வருஷத்தில் அண்ணன் அதைச் செய்ததே இல்லை. அன்று ஒரு பால் வண்டி ஒதுங்கியபோது, திருடப் போகிறவர்போல அக்கம்பக்கம் பார்த்துவிட்டு வலது கையைத் தூக்கினார். பால் வண்டிக்காரரும் பதிலுக்குத் தூக்கினார். அண்ணனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

நாளாக ஆக ஒரு விநோதம் பிடிபட்டது. ஹார்னை அழுத்துவதும் அதே வலது கைதான். அது நன்றி சொல்லப் போயிருக்கும்போது ஹார்னுக்கு ஆளில்லை. இன்னொன்று: முன்பெல்லாம் எவன் மறிக்கிறான் என்று தேடிய கண், இப்போது எவர் வழிவிடுகிறார் என்று தேடியது. தேடினால் ஆட்கள் இருந்தார்கள்! இத்தனை பேரும் இவ்வளவு நாள் எங்கே ஒளிந்திருந்தார்கள்? கழுத்துப் பிடிப்பு தளர்ந்தது. படுத்தால் தூக்கம் வந்தது. வீட்டிலும் காபி டம்ளர் கைக்கு வந்து சேர்ந்தது.

பரிசோதனை நாளும் வந்தது. அண்ணன் காலை டிரிப் ஓட்டிக்கொண்டிருந்தார். மருந்துக்கடை நிறுத்தத்தில் ஒரு பெண்மணி தனியாக நின்று கையைத் தூக்கினார். அண்ணனுக்கு உள்ளம் பொங்கிவிட்டது. பதிலுக்குக் கையைத் தூக்கி, முகமெல்லாம் சிரிப்பாக, நிறுத்தாமல் போய்விட்டார்.

"அண்ணே! அந்தம்மா பஸ்ஸை நிறுத்தச் சொல்றாங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார்கள்.

கண்ணாடியில் பார்த்தார். வெள்ளைச் செருப்பு, தோள்பை, ஓட்டம். நர்ஸ்!

அடுத்த நிறுத்தத்தில் வண்டியைப் போட்டுக் காத்திருந்தார். பின்னால் வந்த வண்டிகள் ஹார்ன் அடித்தன. எதிராளியின் காதில் அது எப்படி விழும் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. நர்ஸ் மூச்சு வாங்க ஏறினார்.

"என்ன டிரைவர், டாட்டா காட்டிட்டுப் போறீங்க?"

"நீங்க எனக்கு நன்றி சொல்றீங்கன்னு நினைச்சேன் சிஸ்டர்."

"உங்களுக்கா? எதுக்கு?"

"பஸ்... ஓட்டுறேனே."

பஸ்ஸே குலுங்கச் சிரித்தது. முதலில் முறைத்த நர்ஸும் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மருத்துவ அறையில் பட்டை இறுகியபோது அண்ணன் சிரிக்கவில்லை. நர்ஸின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பிதுங்கவில்லை.

"இறங்கியிருக்கு. ஓட்டலாம். முதல்ல என்னுதைப் பார்க்கணும், ஓடி வந்ததுல ஏறியிருக்கும்."

உயிர் திரும்பியதும் கேள்வியும் திரும்பியது. "எது இறக்கிச்சு சிஸ்டர்? மாத்திரையா, உப்பா, கையா?"

"பிரிச்சுச் சொல்ல எங்கிட்ட மிஷின் இல்ல. மூணையும் விடாதீங்க."

"கையை மட்டும் ஒரு வாரம் நிறுத்திப் பார்க்கட்டுமா? ஒரு ஆராய்ச்சிக்கு."

"மாத்திரையை மட்டும் நிறுத்தாம என்ன வேணா செய்ங்க, போங்க!"

இன்றிலிருந்து கை தூக்குவதில்லை என்று உறுதியோடு வண்டியை எடுத்தார். டெப்போ வாசலில், உள்ளே வரவேண்டிய பேருந்து ஒன்று இவருக்காகப் பின்வாங்கி நின்றது. அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். இடது கை சொன்னபடி கேட்டது.