அன்னக்கொடியின் பெரியவள்

"வீட்டுல செடிக்குத் தண்ணி ஊத்துறது யாரு?"

காளவாசலிலிருந்து காரில் வந்து இறங்கிய பெண்மணியைப் பார்த்து அன்னக்கொடி கேட்கிறார். அந்த அம்மாள் விலை கேட்டதற்கு இன்னும் பதில் சொன்னபாடில்லை.

"எங்க மாமியார்தான். காலையில குளிச்சதும் ஒரு செம்பு ஊத்திருவாங்க."

"தெனமுமா?"

"தெனமும்!" என்று அந்த அம்மாள் பெருமையாகச் சொல்ல, அன்னக்கொடி அவர் கையிலிருந்த அடினியம் தொட்டியைப் பதமாக வாங்கிப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார். "நீங்க செம்பருத்தி எடுத்துக்கங்கக்கா. அதுக்குத் தண்ணின்னா உசுரு."

நானும் முதல் தடவை இந்தப் பரீட்சையில் தோற்று ஒரு செம்பருத்தியோடு வீடு திரும்பியவன்தான். பெண் கொடுக்கிற வீட்டில்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார்கள்.

வாடிப்பட்டி போகும் சாலையோரம், பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே இருக்கிறது அவருடைய நர்சரி. மல்லிகையும் குரோட்டன்ஸும் உண்டு என்றாலும் அன்னக்கொடிக்கு வாய் ஓயாமல் பேச வருவது அடினியத்தைப் பற்றித்தான். 'பாலைவன ரோஜா' என்று போர்டில் எழுதியிருக்கிறது. பெயரில்தான் ரோஜா, குடும்பம் என்னவோ அரளி. இலையைக் கிள்ளினால் விஷப்பால் வடியும். அடித்தண்டு பானைபோலப் பருத்து, அதில் தண்ணீரைச் சேர்த்துக்கொண்டு, பாறை இடுக்கில் மாதக்கணக்கில் வெயில் தாங்கும் செடி. இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் மொட்டைக் கொம்பில் கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்து நிற்கும். அந்தப் பருத்த அடியை அன்னக்கொடி 'வயிறு' என்றுதான் சொல்வார். "அது வயித்துக்குள்ளயே டேங்க் கட்டி வச்சிருக்குண்ணே. நாம எதுக்குக் கொடத்தத் தூக்கிட்டு ஓடணும்?"

காலை நேரத்தில் அவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. மூக்குக் கண்ணாடியைக் கீழே இறக்கிவிட்டு, தூண்டில் நரம்புத் துண்டு ஒன்றைப் பூவின் குழாய்க்குள் விட்டு, மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவுக்குள் வைப்பார். மூச்சுகூட விடுவதில்லை. "நம்ம ஊருத் தேனீக்கு இதுக்குள்ள போற வழி புடிபடல. நாமதான் தரகு வேல பாக்கணும்." காய் பிடித்தால் கிடாக் கொம்புபோல இரண்டிரண்டாக வளரும். முற்றியதும் நூலால் சுற்றிக் கட்டிவிடுவார். விதையின் இரண்டு முனையிலும் பஞ்சு இருப்பதால், காய் வெடித்தால் பறந்துவிடும். ஒரு வருசம் கட்ட மறந்து, அம்புட்டு விதையும் பக்கத்துத் தோட்டத்து வெண்டைச் செடிகளுக்குள் போய் விழுந்ததை இன்றைக்கும் சொல்லி மாய்ந்துபோவார். பூவைத் தொட்ட கையோடு நான் வடையை எடுத்தபோது அவர் போட்ட சத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நர்சரிக்கே மூத்த செடியின் பெயர் பெரியவள். அன்னக்கொடியின் கணவர் ஜெயபாண்டி அரபு நாட்டுச் சலாலாவில் டிரைவராக இருந்தபோது சட்டைப் பையில் கொண்டுவந்த விதையில் முளைத்தது. "வெறும் பாறையில யாரோ பிளாஸ்டிக் பூவச் சொருகி வச்சிருக்காகன்னுல்ல நெனச்சேன்" என்பார் ஜெயபாண்டி. மற்ற அடினியங்களெல்லாம் பெரியவளின் விதையிலும் ஒட்டிலும் வந்த வாரிசுகள். ஒட்டுப் போட்டால் அதே பூ வந்துவிடும். ஆனால் இத்தனை வருசம் வெயிலில் காய்ந்து திரண்ட அந்த வயிறு வராது. எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டும் அன்னக்கொடி அசையவில்லை.

இந்தச் சித்திரையில், மகள் தாமரைச்செல்வியின் பிரசவத்துக்காக அன்னக்கொடி மேலூர் போயிருந்தார். நர்சரி ஜெயபாண்டியின் பொறுப்பில் இருந்தது. மனிதர் பகலெல்லாம் அழகர் திருவிழாவுக்குப் போகிறவர்களுக்கு நீர்மோர்ப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். சாயங்காலம் வந்து பார்த்தால் பெரியவளின் இலை பழுத்திருக்கிறது. தாகம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் இன்னும் பழுத்தது. இன்னும் ஊற்றினார். தொட்டிக்கு அடியில் அகலமான தட்டு ஒன்றை வைத்துத் தண்ணீரை நிறுத்தியும் விட்டார். தண்ணீர் அதிகமானாலும் இலை பழுக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஊருக்கெல்லாம் ஊத்திட்டு, வீட்டுல நிக்கிறதக் காயவிட மனசு வரலண்ணே" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

திரும்பி வந்த அன்னக்கொடி அடியைத் தொட்டதும் விரல் உள்ளே போனது. பெரியவளைப் பிடுங்கி, வேரைக் கழுவி, அழுகலைக் கத்தியால் வழித்து வழித்துப் போட்டார். வயிற்றில் பாதி போன பிறகுதான் வெள்ளைச் சதை தெரிந்தது. மருந்துப் பொடி தடவி, பந்தல் கம்பியில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டார். காயம் ஆறினால் செடி, இல்லையென்றால் விறகு.

திட்டியிருந்தால் ஜெயபாண்டி நிம்மதியாக இருந்திருப்பார். வைகாசியிலும் ஆனியிலும் அவர் பந்தலுக்குள் கால் வைக்கவில்லை. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்த இடம் காட்டிக்கொண்டிருந்தார். டீ கொடுக்கும்போதுகூட அன்னக்கொடி டம்ளரை வாசல்படியில் வைத்துவிட்டுப் போய்விடுவார். எனக்கு இரண்டு பேரையும் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

ஆடியில் ஒருநாள் போனபோது பெரியவள் தொட்டியில் நின்றாள். ஒரு பக்கம் வயிறு குழிந்து, கோணலாக. கொம்பு நுனியில் மிளகு அளவுக்கு ஒரு பச்சை.

"நட்டு ஒரு வாரமாச்சுண்ணே. இன்னைக்குத்தான் மொதத் தண்ணி" என்ற அன்னக்கொடி, பூவாளியை எடுத்துக்கொண்டு செடியிடம் போகாமல் நேரே வாசலுக்குப் போனார்.

"ஏங்க, உள்ள வாங்க. நீங்களே ஊத்துங்க."

"வேணாம்புள்ள. நான் ஊத்தி இன்னொரு தடவ..."

"வாங்கங்கிறேன்ல."

ஜெயபாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பூவாளியை வாங்கிச் செடிக்கு மேல் பிடித்தார். அன்னக்கொடி அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் மண்ணில் இறங்கியது. போதும் என்று ஜெயபாண்டி தானாகவே பூவாளியை நிமிர்த்தினார். அன்னக்கொடி கையை எடுக்கவில்லை.