ஞாயிற்றுக்கிழமை மூடிக்கிடந்த மாவுக்கடை

அக்கினி நட்சத்திரம் முடியாத நாட்கள். அவனியாபுரத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில்தான் என் தங்கை குடியிருக்கிறாள். பட்டறை வேலை பார்த்த அவள் கணவர் கீழே விழுந்து வலது கை முறிந்ததால், வாசல் அறையில் இட்லி மாவுக்கடை போட்டிருந்தாள். கோடை விடுமுறை முடிவதற்குள் கடை நிலைக்காவிட்டால் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவது என்று பேச்சு.

மாவு நன்றாக விற்கும் நாள் ஞாயிறு. அன்றைக்குக் கடையை மூடிவிடுவாள்! ஓய்வுநாளாம். சபை மூப்பர் ஒருவர் அறிவுரை சொல்லியிருந்தார். அதே மூப்பர் ஆராதனை முடிந்து போகும் வழியில், பக்கத்துத் தெருக் கடையில் மாவுப் பாக்கெட்டோடு நின்றதை என் கண்ணால் பார்த்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும்!

"ஞாயித்துக்கெழமையும் தொறந்தா என்ன குடியா முழுகிரும்?" என்றேன்.

"மன்னா கதை தெரியாதாண்ணே? வானத்துலருந்து விழுந்த மன்னாவ, ஓய்வுநாளுக்கும் சேத்து ஆறாம் நாள் ரெண்டு பங்கு பொறுக்குனாங்க. நானும் சனிக்கிழமை ரெண்டு பங்கு ஆட்டுறேன்."

"அது மன்னா. இது மாவு. மதுரை வெயில்ல ராத்திரிக்குள்ள பொங்கி வழியும்."

பொங்கித்தான் வழிந்தது. முதல் சனிக்கிழமை மத்தியானம் இரண்டு பங்கு ஆட்டினாள், பாதிகூட விற்கவில்லை. மறுநாள் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பினால், பிரிட்ஜில் இடமில்லாமல் வெளியே வைத்த தூக்குவாளியின் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு தரையில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வாரமும் அதே கதை. கழுவி ஊற்றியபடியே, "கர்த்தர் பாத்துக்குவாரு" என்றாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை பகல் முழுக்கப் பராமரிப்புக்காக மின்தடை என்று செய்தித்தாளில் இருந்தது. இந்த மாதிரி அறிவிப்புகளை ஒன்று விடாமல் படிப்பவன் நான். வெள்ளிக்கிழமையே போய்ச் சொன்னேன்.

"நாளைக்குக் கரண்ட் கெடையாது. பிரிட்ஜும் ஓடாது. தயவுசெஞ்சு அரிசிய ஊறப்போடாத."

"அப்படியாண்ணே? நல்லவேளை சொன்னீக" என்றாள். கேட்டுக்கொண்டாள் என்று நம்பி வந்துவிட்டேன்.

விடியுமுன் கிரைண்டர் சத்தம் என்னை எழுப்பியது. ஓடிப்போய்ப் பார்த்தால், வழக்கமான இரண்டு பங்கும் அரைபட்டுக்கொண்டிருந்தது! அவள் கணவர் மீன்கடைக்காரரிடம் சொல்லிவைத்து வாங்கிய ஐஸ் கட்டியை ஒற்றைக் கையால் அண்டாவில் போட்டுக்கொண்டிருந்தார். அதற்குள் தூக்குகளை இறக்கி, சுற்றி ஈரச் சாக்கு. சீக்கிரம் புளிக்காதிருக்க மாவில் உப்புப் போடவில்லை. கத்திப் பார்த்தேன். கிரைண்டர் சத்தத்தில் என் சத்தம் எடுபடவில்லை.

காலையில் மின்சாரம் போனது. பதினொரு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். அறிவிப்பை நான் படித்தேனே தவிர, ஊர் படித்திருக்கவில்லை. வீடுகளில் ஊறிய அரிசி அப்படியே கிடந்தது. பக்கத்துத் தெருக் கடைக்காரர் பகலில் ஆட்டுபவர், அவரிடமும் மாவில்லை. கடைசியில் மூப்பரும் பாத்திரத்தோடு வந்தார்.

"ஏம்மா, மாவு இருக்கா? நாளைக்குக் காலைக்கும் சேத்துக் குடும்மா."

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "ஞாயித்துக்கெழம ஆட்டுற கடைல வாங்கிக்கிருவீகளேண்ணே?"

"கிண்டலா மாப்ள?" என்று சிரித்து மழுப்பினார்.

மூன்று மணிக்குத் தூக்குகள் காலி. மறுநாள் வழக்கம்போலக் கடையைப் பூட்டிவிட்டுக் கோயிலுக்குப் போனாள். மாவு பிடித்துப்போய், அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அதே ஆட்கள் தாமாகவே வந்தார்கள். திருப்பூர்ப் பேச்சு நின்றுபோனது.

"பாத்தீகளாண்ணே, கர்த்தர் பாத்துக்கிட்டாரு" என்றாள்.

"அப்ப விடியுமுன்ன எந்திரிச்சது யாரு?"

"எழுப்பி விட்டது யாரு?"

இவளிடம் பேசி ஜெயிக்க முடியுமா?

வீட்டுக்கு வந்து பைபிளில் அந்த மன்னா அதிகாரத்தை எடுத்துப் படித்தேன். பலமுறை படித்ததுதான். வானத்திலிருந்து உணவு வந்தது மட்டும்தான் எனக்கு நினைவில் இருந்தது. சுட வேண்டியதையும் வேகவைக்க வேண்டியதையும் முந்தின நாளே செய்துவைக்கச் சொன்ன வரியை எப்படித் தாண்டிப்போனேனோ தெரியவில்லை. மின்தடை யார் செயல் என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் "கடவுள் பார்த்துக்கொள்வார்" என்று யாராவது சொன்னால், முன்போல எரிந்து விழுவதற்கு முன்னால், அவர் வீட்டில் அரிசி ஊறிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.