கிளை செருகாத பள்ளம்

அன்று காலை எங்கள் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். ஆவடிக்குப் பக்கத்துக் கோவில்பதாகையில் இது புதிதல்ல. மழை விட்டால் வடியும், விடாவிட்டால் வீட்டுக்குள் வரும். புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த சாக்கடை மூடியைக் கடப்பாரையால் நெம்பி நானே தூக்கிப் போட்டேன். தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியதைப் பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது.

மூடியைத் திறந்தால், வருகிறவர்களுக்குத் தெரிய அதில் ஒரு மரக்கிளையைச் செருகி வைக்க வேண்டும். எங்கள் பக்கம் இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிளை ஒடிக்கப் போனவனை ஆபீஸ் போன் பிடித்துக்கொண்டது. பேசிக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தேன். சுத்தமாக மறந்துபோனேன்.

பன்னிரண்டரைக்கு, அம்பத்தூர் ஆபீசில் இருந்தபோது, பள்ளியிலிருந்து செய்தி வந்தது. கனமழை, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். என் மகள் ஆறாம் வகுப்பு. தண்ணீர் நின்றால் வேன் தெருவுக்குள் வராது, முனையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து அவள் நடந்து வர வேண்டும். அப்போதுதான் அந்த மூடி ஞாபகம் வந்தது. போனை எடுத்தேன்.

மனைவி ஊரில் இல்லை. வேன் டிரைவர் போனை எடுக்கவில்லை. தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வரி போட்டிருந்தால் யாராவது ஓடியிருப்பார்கள். ஆனால் போன மாதம்தான், எதிர்வீட்டு ஆட்டோக்காரர் என் கேட் முன்னால் வண்டியை நிறுத்தியதற்காக அதில் கண்டபடி எழுதிவிட்டு, வெளியேறி, என் போனிலிருந்து குரூப்பையே அழித்திருந்தேன். தெருவில் ஒருத்தர் நம்பர்கூட என்னிடம் இல்லை.

ஸ்கூட்டரில் கிளம்பினேன். திருமுல்லைவாயிலில் போலீஸ்காரர்கள் வண்டிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்தார்கள். குறுக்குத் தெருவில் புகுந்தேன், அங்கே இடுப்பளவு தண்ணீர். அடுத்த தெருவில் ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி வழியை அடைத்துக்கொண்டு நின்றது. மேப் காட்டிய நீலக்கோடு நேராகக் குளத்துக்குள் போனது. எப்படியோ ஆவடியைத் தொட்டபோது சைலன்சருக்குள் தண்ணீர் ஏறி ஸ்கூட்டர் நின்றுவிட்டது. ஒரு கடை வாசலில் அதைப் போட்டுவிட்டு ஓடினேன். தண்ணீரில் எங்கே ஓடுவது? ஒவ்வொரு அடியையும் காலால் துழாவித் துழாவி வைத்தேன். நான் திறந்த பள்ளத்தை அவள் எதை வைத்துத் துழாவுவாள்? வாய்விட்டு என்னையே திட்டிக்கொண்டு நடந்தேன்.

எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலைத் தாண்டியிருந்தது. சுழி தெரியவில்லை. அந்த இடத்தில் ஆட்டோக்காரர் நின்றிருந்தார், லுங்கி கிழிந்து, அதில் ரத்தக்கறையோடு. அவர் வீட்டு மாடிப்படியில் என் மகள் பள்ளிப் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

"எவனோ மூடிய தொறந்து உட்டுட்டு பூட்டான் சார்," என்றார். "என் காலு உள்ள பூந்துச்சி. கொயந்தைங்க வருமேன்னு இங்கியே நின்னுகினு கீறேன். பாப்பாவ நான்தான் தூக்கினு வந்து உட்டேன்."

"நான்தான் திறந்தேன்," என்றேன்.

அவர் கிழிந்த லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படியில் இருந்தவளுக்கும் நான் சொன்னது கேட்டுவிட்டது.

வீட்டுக்குப் போகலாம் என்று அவளிடம் கையை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். ஆனால் தண்ணீரில் காலை வைக்கும் முன் திரும்பி அவரைக் கேட்டாள்: "அங்கிள், இந்தப் பக்கம் போலாமா?"