வெறும் பாத்தியில் எட்டுப் பலகைகள்

தை, மாசியில் மலர்க் கண்காட்சி பார்க்க எந்தப் பூங்காவுக்குப் போகலாம் என்று என்னையும் சிலர் கேட்கிறார்கள். நான் பூ வியாபாரி அல்ல. குன்றத்தூரில் நாட்டு மருந்துச் சரக்குக் கடை. நடைபாதையில் சாக்கு விரித்துத் தொடங்கியது. பூங்காவுக்குப் போனாலும் என் கண் பூவில் நிற்காது, தரையில்தான் மேயும். 1991 தை மாதக் கடைசியில் ஒரகடம் சாலையில் இருந்த அரசுத் தாவரவியல் பூங்காவுக்குப் போனதும் ரசிக்க அல்ல. அங்கே புதிதாக மூலிகைப் பகுதி திறக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நாற்றும் விதையும் கொடுக்கிற ஆளாக அதிகாரி கண்ணில் பட்டு வைக்கலாம் என்று கிளம்பினேன்.

காலை ஆறரைக்கு மொபெட்டை எடுத்தேன். பென்னலூர் வரை என் மீட்டரில் பதினாறு கிலோமீட்டர். அங்கே கன்னியம்மாள் வீட்டில் ஒரு நிறுத்தம். அவர் அந்தப் பூங்காவில் தினக்கூலிக்குக் களை எடுப்பவர். பிடுங்கிய களையைக் கூலியாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோவது அங்கே வழக்கம். மற்றவர்கள் மாட்டுக்குப் போடுவார்கள், கன்னியம்மாள் எனக்குப் போடுவார். கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி, மூக்கிரட்டை எல்லாம் தோட்டத்துக்குக் களை, எனக்குச் சரக்கு. ஒரே நிபந்தனை, வேர் அறுபடக் கூடாது. வேரில்லாத செடியைத் தராசில் ஏற்ற மாட்டேன்.

அவர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். கணவர் முனுசாமிதான் ஈரச் சாக்கை வண்டியில் கட்டினார்.

"இன்னா முனுசாமி, மறுபடியும் தண்ணி தெளிச்சிட்டியா? எடைக்குத்தானே?"

"வாடிடும்னு தெளிச்சேண்ணா. நேத்து சாயந்திரம் ஒரே எடத்துல இத்தினியும் கெடச்சிச்சாம். வெதச்சி வுட்டாப்ல இருந்துச்சாம்."

அதிர்ஷ்டம் என்று நினைத்து வண்டியைக் கிளப்பினேன்.

ஸ்ரீபெரும்புதூரில் இட்லியும் காப்பியும் மூன்று ரூபாய். அங்கிருந்து பூங்கா ஏழு கிலோமீட்டர். எட்டரைக்குத் திறந்தார்கள். நுழைய ஒரு ரூபாய், வண்டி நிறுத்த ஐம்பது காசு, கேமராவுக்கு ஐந்து ரூபாய். அந்த வருடம் புதிதாகக் கள்ளிச் செடிகளுக்கு ஒரு கண்ணாடி வீடு கட்டியிருந்தார்கள். அழகுதான், ஆனால் பத்து மணிக்கு மேல் உள்ளே நின்றால் நாமே வெந்துவிடுவோம். தாமரைக் குளத்தைச் சுற்றி சிமெண்டுப் பாதை போட்டிருந்தார்கள், வயதானவர்களுக்குச் சௌகரியம். படிப்படியாக அடுக்கிய டேலியா தொட்டிகள் கொடுத்த காசுக்குத் தகும். ரோஜா தகாது, மூன்று பாத்தியில் ஒன்றில்தான் பூ.

மூலிகைப் பகுதியில் ஒரே சத்தம். கம்பி வேலிக்குள் பச்சை வண்ணத்தில் எட்டுப் பலகைகள், கீழாநெல்லி, கரிசலாங்கண்ணி என்று ஒவ்வொன்றிலும் ஒரு செடியின் பெயர். பலகைக்குப் பின்னால் ஒரு செடிகூட இல்லை. சீப்பால் வாரிவிட்டது போல மண் சுத்தமாகக் கிடந்தது. முனுசாமி சொன்ன ஒரே இடம் எது என்று அப்போது எனக்குப் புரிந்தது.

அதிகாரி வாட்ச்மேன் ஆரோக்கியத்தைப் பிடிபிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார். "நாலு மணிக்குத் திறந்துவைக்க வர்றாங்க. கேட்டைத் தொறந்து போட்டுத் தூங்கினியா? ஆடு மேஞ்சிருக்கு. நாளையிலேருந்து வராதே."

"சத்தியமா ஒரு ஆடு வரல சார்," என்று ஆரோக்கியம் தலையில் கை வைத்தார்.

கூலிப் பெண்களின் வரிசையிலிருந்து கன்னியம்மாள் முன்னே வந்தார். "ஆடு இல்ல சார். நான்தான் புடுங்கனேன்."

"நீயா? ஏம்மா?"

"கம்பிக்குள்ள ஒரு களை இருக்கக் கூடாதுன்னு மேஸ்திரி சொன்னாரு. அப்ப இந்தப் பலகைங்க இல்ல. இத்தினி வருசமா இத்தப் புடுங்கத்தானே கூலி குடுத்தீங்க? நட்டு வெச்சி வளப்பீங்கன்னு எனக்கு இன்னா தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "புடுங்கினதெல்லாம் எங்கே?"

கன்னியம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டார். "குப்பையில போட்டுட்டேன் சார்."

"அப்ப நீயும் கெளம்பு. நாளைக்கு வர வேணாம்."

அந்த நிமிடம் நான் என்ன செய்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை. வாயைத் திறந்தால் நாற்று வியாபாரம் போச்சு, பூங்காவில் திருடுகிறவன் என்ற பெயரும் வரும். குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். முகம் கழுவினேன். மறுபடியும் குடித்தேன். திரும்பி வந்தபோது கன்னியம்மாள் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சார், செடியெல்லாம் என் வண்டியில இருக்கு. வேரோட இருக்கு," என்றேன்.

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூங்காச் செடியை வாங்கி விக்கிறீங்களா?"

"களையை வாங்கறேன் சார். நேத்து வரைக்கும் அது களைதான்."

அவருக்கு என்னைத் திட்ட நேரமில்லை. சாக்கைப் பிரித்துக் கொட்டினோம். முனுசாமி தெளித்த தண்ணீரில் முக்கால்வாசி பிழைத்திருந்தது. ஒன்பதரையிலிருந்து ஒரு மணி வரை கன்னியம்மாளையும் சேர்த்து ஐந்து பெண்கள் நட்டார்கள். காய்ந்த சரக்கில் நான் கெட்டிக்காரன், பச்சையில் கன்னியம்மாளிடம் நிற்க முடியாது. மேஸ்திரி ஒரு கொத்தைக் கீழாநெல்லிப் பலகையின் அடியில் வைத்ததும் கன்னியம்மாள் அவர் கையைத் தட்டிவிட்டார்.

"யோவ் மேஸ்திரி, அது குப்பமேனி. ஒனக்குக் காமாலை வந்தா நீ வைத்தியம் பாத்துக்கற லட்சணம் தெரிஞ்சிபோச்சு!"

அதன் பிறகு அதிகாரியே ஒவ்வொரு செடியையும் அவரிடம் காட்டிக் கேட்டார். நாலு மணிக்குத் திறப்பு விழா நடந்தது. செடிகள் தலை தொங்கித்தான் நின்றன. வந்தவர் ஏன் என்று கேட்டார். "வெயில் சார்," என்றார் அதிகாரி.

ஆரோக்கியத்துக்கும் கன்னியம்மாளுக்கும் வேலை தப்பியது. ஆனால் அன்று மாலையே உத்தரவு வந்தது: கூலியாட்களின் பையைக் கேட்டில் சோதிக்க வேண்டும், ஒரு தழை வெளியே போகக் கூடாது. எனக்கு நாற்று வியாபாரம் கிடைக்கவில்லை. சரக்குக்கு இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் காலி நிலங்களில் அலைந்தேன், அங்கே தொழிற்சாலைச் சுற்றுச்சுவர்கள் எழும்பும் வரை.

இந்த மாதிரிப் பூங்காக்களுக்குப் போகிறவர்களுக்கு: தை, மாசியில் போங்கள், ஒன்பது மணிக்குள் உள்ளே இருங்கள். கண்ணாடி வீட்டை முதலில் பார்த்து முடியுங்கள். நான் சொன்ன காசெல்லாம் அந்தக் காலத்துக் காசு, இப்போது விசாரித்துக்கொள்ளுங்கள். மூலிகைப் பகுதியில் பலகையை மட்டும் படித்துவிட்டு வராதீர்கள். குந்திக் களை எடுத்துக்கொண்டிருப்பவரிடம் கேளுங்கள். இலையைக் கிள்ளி முகர்ந்து காட்டுவார்.

அன்று ஐந்தரைக்குக் கேட்டருகே கன்னியம்மாளைப் பார்த்தேன். வெறுந்தூக்கோடு நின்றார்.

"நான் வாயைத் திறந்ததாலதானே இந்தச் சோதனையெல்லாம்?" என்றேன்.

"வேல கீதே, அது போதும்ணா. நீ தொறந்தது சரிதான். கொஞ்சம் சீக்கிரமாத் தொறந்திருக்கலாம். ரெண்டு வாட்டி தண்ணி குடிச்சியே, நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

ஆமாம் என்றேன்.